தாம்பரம் பக்கம் அரசு ஆவணம் தேட: கைப்பேசியா, இ-சேவையா, நேரில் போவதா?

சென்னையின் தெற்குப் புறநகரில் வீடோ மனையோ வைத்திருப்பவருக்கு அரசு ஆவணம் தேவைப்படுவது பெரும்பாலும் அவசர நேரத்தில்தான். வங்கியில் கடனுக்கு வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம் கேட்பார்கள். பள்ளியில் பிறப்புச் சான்று கேட்பார்கள். வீட்டுப் பெரியவர் காலமானால் எதை எடுத்தாலும் வாரிசுச் சான்று கேட்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் "எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே" என்பார். இன்னொருவர் "தாலுகா ஆபீஸுக்கு நேரில் போகாமல் ஒன்றும் நடக்காது" என்பார். மூன்றாமவர் தனக்குத் தெரிந்த ஒரு புரோக்கரின் நம்பரைத் தருவார்.

மூவருமே ஓரளவு சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் வேறு வேறு ஆவணத்தைப் பற்றி. எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், நீங்கள் தேடுவது எந்த வகை என்று பார்க்கவேண்டும். ஏற்கெனவே கணினியில் ஏறிவிட்ட பதிவென்றால் கைப்பேசியே போதும். ஒரு அலுவலர் விசாரித்து முடிவெடுக்க வேண்டிய சான்றென்றால் இ-சேவை மையமோ அதே தளத்தில் நாமே செய்யும் விண்ணப்பமோ சரிவரும். பழைய காகிதப் பதிவேட்டில் மட்டும் கிடப்பதென்றால் நேரில்தான் போகவேண்டும். இந்த மூன்றிலும் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கும் வேலைக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

முதலில், யாருடைய எல்லை?

புறநகரில் பாதி அலைச்சல் தவறான அலுவலகத்துக்குப் போவதால் வருகிறது. ஒரே தெருவுக்கு மூன்று எல்லைகள் இருக்கும்: உள்ளாட்சி, வருவாய் வட்டம் (தாலுகா), பத்திரம் பதியும் சார்பதிவகம். இவை ஒன்றோடொன்று பொருந்தி வருவதில்லை.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் ஆயின. அப்போது முடிச்சூர், மேடவாக்கம், வேங்கைவாசல் போன்றவை ஊராட்சிகளாகவே வெளியே நின்றன. பெருங்களத்தூருக்கும் முடிச்சூருக்கும் நடுவே எங்கே எல்லை மாறுகிறது என்பது சாலையில் போகிறவருக்குத் தெரியாது. ஆனால் வரி ரசீதில் தெரியும். கையில் பழைய வரி ரசீது இருந்தால் அதுதான் உங்கள் உள்ளாட்சிக்கான முதல் ஆதாரம்.

வருவாய்த் துறையின் எல்லை வேறு. பம்மல், அனகாபுத்தூர்க்காரர்கள் பல்லாவரம் வட்டாட்சியரிடம் போகவேண்டும், பெருங்களத்தூர்க்காரர்கள் தாம்பரம் வட்டாட்சியரிடம். மாநகராட்சி ஒன்றுதான், தாலுகா இரண்டு. இன்னும் தெற்கே வண்டலூர், ஊரப்பாக்கம் எல்லாம் வண்டலூர் வட்டம். பத்திரப் பதிவுக்கோ இந்த இரண்டையும் கண்டுகொள்ளாத மூன்றாவது எல்லை ஒன்று உண்டு.

மாவட்டப் பெயரும் குழப்பும். இந்தப் பகுதியின் 1980-களின் பத்திரத்தைப் பிரித்தால் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டம் என்று இருக்கும். 1997-க்குப் பிறகு எழுதியதில் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்ததும் மறுபடி செங்கல்பட்டு. நிலம் அசையவே இல்லை, முகவரிதான் ஊர் சுற்றியிருக்கிறது. இணையத்தில் தேடும்போது பத்திரத்தில் உள்ள மாவட்டத்தைப் போட்டால் கிராமமே வராது. இன்றைய மாவட்டத்தையும் வட்டத்தையும் போட்டுத்தான் தேடவேண்டும்.

கைப்பேசியிலேயே முடிவது

வில்லங்கத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். பதிவுத் துறையின் தளத்தில் 1975 முதலான விவரங்களைக் கட்டணமில்லாமல் பார்வையிடலாம். சான்றொப்பமிட்ட பிரதி வேண்டுமென்றால்தான் பணம் கட்டவேண்டும். மனை வாங்குவதற்கு முன் சரிபார்க்கப் பார்வைப் பிரதியே போதும். வங்கிக்கோ நீதிமன்றத்துக்கோ என்றால் கையொப்பமுள்ளதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் தேடத் தெரிந்து தேடவேண்டும். உங்கள் பத்திரத்தில் புல எண் (சர்வே எண்) 123/4A2 என்று இருந்தால் அதை மட்டும் போட்டுவிட்டு, வில்லங்கம் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். உட்பிரிவு ஆவதற்கு முன் நடந்த விற்பனையும் அடமானமும் 123/4A என்றோ வெறும் 123/4 என்றோ ஏறியிருக்கும். தாய்ப் பத்திரத்தில் (உங்களுக்கு விற்றவரின் முந்தைய பத்திரத்தில்) உள்ள எண், அதற்கு முந்தைய எண் என்று மேலே மேலே போய்த் தேடவேண்டும். கிராமம் இடையில் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டு அலுவலகங்களின் பெயரிலும் பார்க்கவேண்டும். புறநகரில் மக்கள் பெருகப் பெருகப் புதிய சார்பதிவகங்கள் வந்ததால் இது இங்கே அரிதான விஷயம் இல்லை.

அதோடு, வில்லங்கத்தில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தம் வராது, வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. நிலத்தின் மேல் வழக்கு நடந்தாலும் நீதிமன்ற உத்தரவு எதுவும் அங்கே பதிவாகாதவரை தெரியாது. சுத்தமான வில்லங்கச் சான்று என்பது பதிவுத் துறைக்குத் தெரிந்தவரை சுத்தம், அவ்வளவுதான்.

சொத்து வரியும் கைப்பேசிக்கான வேலை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு ஒரு தளம், ஊராட்சிகளுக்கு வேறொரு தளம். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் மாதத்திலோ அக்டோபர் மாதத்திலோ நகர்ப்புற வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். இதற்காக வரிசையில் நிற்க ஒரு காரணமும் இல்லை. மதிப்பீட்டு எண் தொலைந்துவிட்டது, அல்லது பேரூராட்சியாக இருந்தபோது கொடுத்த எண்ணுக்குத் தளத்தில் பதிலில்லை என்றால் மட்டும் மண்டல அலுவலகத்துக்குப் போகலாம்.

பட்டா: பார்ப்பது சுலபம், திருத்துவது வேறு கதை

பட்டாவை இணையத்தில் பார்க்கலாம், பதிவிறக்கலாம். அதில் உள்ள கியூஆர் குறியீட்டை வைத்து எவரும் சரிபார்க்கலாம், தாசில்தார் கையெழுத்துக்காக நிற்கவேண்டியதில்லை. நில அளவை வரைபடமும் அங்கேயே கிடைக்கும். ஊரகப் பகுதியென்றால் பட்டா எண் அல்லது புல எண் போதும்.

சிக்கல் தாம்பரம், பல்லாவரம் போன்ற நகரப் பகுதிகளில் தொடங்குகிறது. இங்கே பல இடங்களில் நகர நில அளவை முடிந்துவிட்டது. பழைய புல எண் போய், வார்டு, பிளாக், நகர நில அளவை எண் என்று புதிதாக வந்துவிட்டது. உங்கள் பத்திரத்தில் இருப்பதோ பழைய எண். அதை ஊரகம் என்ற பகுதியில் போட்டால் ஒன்றும் வராது. நகரம் என்ற பகுதியில் போடவோ புதிய எண் தெரியாது. நிலம் காணாமல் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் இணைப்புக் காட்டும் பதிவேடு தாலுகா அலுவலகத்தின் நகர நில அளவைப் பிரிவில் இருக்கும். பத்திர நகலோடு அங்கே நேரில் போய்க் கேட்டு, எண்ணைத் தெரிந்துகொண்டு வந்தால் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். எந்தப் புரோக்கருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லாத வேலை இது. புரோக்கர்கள் அதிகம் சம்பாதிப்பதும் இதில்தான் என்று நினைக்கிறேன்.

எண் கிடைத்தபின் அடுத்த அதிர்ச்சி வரலாம்: பட்டாவில் உங்கள் பெயர் இருக்காது. முப்பது நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு விவசாயியின் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றபோது வாங்கியவர்கள் பத்திரம் பதிந்தார்கள், வீடு கட்டினார்கள், பட்டாவை மறந்தார்கள். பதிவேட்டில் இன்னும் அந்த விவசாயியின் பெயரோ, பத்துப் பேர் சேர்ந்த கூட்டுப் பட்டாவோ ஓடிக்கொண்டிருக்கும். இணையதளம் பதிவேட்டில் உள்ளதை அப்படியே காட்டுகிறது, அவ்வளவுதான் அதால் முடியும். ஏன் அப்படி இருக்கிறது என்று அது சொல்லாது.

இப்போதெல்லாம் உட்பிரிவு தேவைப்படாத முழுப் புல எண்ணைப் பதிவு செய்தால் பட்டா தானாகவே மாறிவிடுகிறது. உட்பிரிவு தேவைப்படும் மனைக்கு விண்ணப்பம் போடவேண்டும், சர்வேயர் வந்து அளக்கவேண்டும், வட்டாட்சியர் அலுவலகம் உத்தரவிட வேண்டும். விண்ணப்பத்தை இ-சேவையில் போடலாம், இணையத்தில் நாமே போடலாம். நான் இணையத்தில் நாமே போடுவதையே சொல்வேன். கைப்பேசி எண் நம்முடையதாக இருக்கும், எந்த ஆவணத்தை ஏற்றினோம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் போட்டபின் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. அளக்க வரும் நாளில் ஆள் இல்லை, மூலப் பத்திரம் தெளிவாக இல்லை என்று மனு தள்ளுபடியாவது சாதாரணமாக நடக்கிறது. மனு எண்ணை எழுதிக்கொண்டு சர்வேயரை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது மரியாதைக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது.

ஆண்டுக்கொருமுறை, பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகளை எல்லாம் மேசையில் வைத்துச் சரிபார்க்கும் நேரம் அது. பல மாதமாக நகராத பட்டா மனுவை அங்கே கொடுப்பது, சாதாரண நாளில் கொடுப்பதைவிடப் பலன் தரும். மனுவுக்கு எண் போடுவார்கள், பதில் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமைகளில் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம்தான். ஆனால் அந்த மனு சுற்றி வந்து சேர்வது அதே தாசில்தார் மேசைக்கு என்பதை நினைவில் வையுங்கள். சிறப்பு முகாம்களுக்கும் இது பொருந்தும்: வரி, பெயர்த் திருத்தம் போன்ற சிறிய வேலைகளுக்கு முகாம் நல்லது, அளந்து தீர்க்கவேண்டிய நிலச் சிக்கலுக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

இ-சேவை எப்போது மேல்?

வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி, வாரிசு: இந்தச் சான்றுகள் எதுவும் ஏற்கெனவே எழுதி வைத்த பதிவல்ல. விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) விசாரித்து, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பரிந்துரைத்து, மேலே உள்ள அலுவலர் ஒப்புதல் தந்து உருவாகிறவை. இந்த வருவாய்த் துறைச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். குடிமக்கள் கணக்கு எண் என்ற ஒன்றை உருவாக்கி, ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். ரசீது கிடைக்கும், குறுஞ்செய்தி வரும்.

இதே தளத்தில் வீட்டிலிருந்தே கணக்கு தொடங்கி விண்ணப்பிக்கவும் முடியும். ஸ்கேன் செய்து, சொல்லப்பட்ட அளவுக்குச் சுருக்கி ஏற்றத் தெரிந்தவர்களுக்கு அதுவே மேல். வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால் 60 ரூபாய் வீண் செலவல்ல.

மையத்தில் இரண்டைக் கவனிக்கவேண்டும். கணக்கு எண்ணில் உங்கள் கைப்பேசி எண்ணைத்தான் போடச் சொல்லவேண்டும். அவசரத்தில் மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கடவு எண்ணுக்கும் (ஓடிபி) அவரிடமே ஓடவேண்டியிருக்கும். இரண்டாவது, சமர்ப்பிப்பதற்கு முன் திரையைத் திருப்பச் சொல்லிப் பெயரின் எழுத்தைப் பாருங்கள். தலைப்பெழுத்து முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா, தமிழில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். சான்று வந்தபின் திருத்துவது புதிதாக வாங்குவதைவிடச் சிரமம்.

வாரிசுச் சான்றுக்கு மட்டும் ஒரு சொல். இறந்தவர் எந்த வட்டத்தில் வசித்தாரோ அங்கேதான் விண்ணப்பிக்கவேண்டும், நீங்கள் வசிக்கும் இடத்தில் அல்ல. விசாரணையின்போது விஏஓ அக்கம்பக்கத்தில் கேட்பார். எல்லா வாரிசுகளின் பெயரையும் மறைக்காமல் கொடுத்தால் விரைவில் முடியும். அத்தையையோ தங்கையையோ விட்டுவிட்டு வாங்கிய சான்றுகள் பின்னால் எத்தனை வழக்குகளில் போய் நிற்கின்றன என்று இங்கே சொல்லத் தேவையில்லை.

பிறப்பு, இறப்பு: பிறந்த இடமே கணக்கு

இதில் பலர் தடுக்குவது ஒரே இடத்தில். பிறப்பு பதிவாவது பெற்றோர் வசிக்கும் ஊரில் அல்ல, குழந்தை பிறந்த இடத்தில். ஊரப்பாக்கத்தில் குடியிருப்பவருக்குக் குரோம்பேட்டை மருத்துவமனையில் குழந்தை பிறந்தால் பதிவு தாம்பரம் மாநகராட்சி எல்லையில். எழும்பூரில் பிறந்தால் சென்னை மாநகராட்சி, அதற்குத் தளமும் வேறு.

அண்மைக்காலப் பிறப்புகளைக் கட்டணமில்லாமல் இணையத்திலேயே பதிவிறக்கலாம். நிகழ்வைப் 21 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும், மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தெரிவித்துவிடுவார்கள். குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. பெயரில்லாத சான்றையே பத்திரமாக வைத்துக்கொண்டு பள்ளிச் சேர்க்கையின்போது விழிக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றே ஆதாரம் என்று சட்டம் மாறிவிட்டதால், இனி இதைத் தள்ளிப்போட வழியில்லை.

பழைய பதிவுகள்தான் கஷ்டம். 1970-களில் பெருங்களத்தூர் கிராமமாக இருந்தபோது வீட்டில் பிறந்தவரின் பதிவை இணையத்தில் தேடுவது வீண். அந்தக்காலக் கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளுக்குச் சார்பதிவகத்தில் விசாரிக்கவேண்டும், மாநகராட்சியில் அல்ல. இங்கே நேரில் போவது ஒன்றே வழி. சரியான தேதி தெரியாவிட்டால் ஆண்டும் மாதமுமாவது சொல்லுங்கள், தந்தை பெயரும் கிராமமும் சொல்லுங்கள். பதிவேட்டில் குழந்தையின் பெயர் இருக்காது, "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் இருக்கும். அதைப் பார்த்துப் பதிவு இல்லை என்று திரும்பிவிட வேண்டாம்.

பத்து ரூபாய் மனு

தகவல் உரிமைச் சட்டம் 2005-ஐப் பலர் கோபம் வந்தால் எடுக்கும் ஆயுதமாக நினைக்கிறார்கள். புறநகர்வாசிக்கு அது ஆவணம் வாங்கும் சாதாரண வழியாகவே பயன்படும். மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றவேண்டிய பொறுப்பு அவர்களுடையது. மேலே சொன்ன எல்லைக் குழப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

இதில் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்பதில்தான் விஷயம். "ஏன் என் மனுவைத் தள்ளுபடி செய்தீர்கள்?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று பதில் வரும். "என் மனு எண் இத்தனை, அந்தக் கோப்பில் உள்ள குறிப்புகள், சர்வேயர் அறிக்கை, இறுதி உத்தரவு ஆகியவற்றின் நகல் வேண்டும்" என்று கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதில் காரணமும் வந்துவிடும். நகல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் போய்ப் பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கு இது மிகவும் உதவும் ஓரிடம் பூங்கா நிலம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது விதி. உங்கள் நகரில் பூங்கா என்று சொன்ன இடத்தில் இன்று ஒரு வீடு எழும்புகிறது என்றால், அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமும் (சிஎம்டிஏ), தானப் பத்திரத்தின் நகலை உள்ளாட்சியிடமும் கேளுங்கள். அந்த இரண்டு காகிதங்கள் இல்லாமல் கொடுக்கும் புகார் எதுவும் ஒரு மேசைக்கு மேல் போகாது.

ஆனால் அவசரத்துக்கு இந்த வழி உதவாது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம் என்று போகும். ஆணையத்தில் காத்திருப்பு நீளமானது. அடுத்த மாதம் பத்திரப் பதிவு வைத்திருப்பவர் இதை நம்பி இருக்கக் கூடாது.

புரோக்கர்?

பத்திர எழுத்தரையும் புரோக்கரையும் ஒன்றாகப் போடக் கூடாது. உரிமம் பெற்ற பத்திர எழுத்தரோ வழக்கறிஞரோ பழைய ஆவணங்களைப் படித்துக் கருத்துச் சொல்வதற்கு வாங்கும் பணம் நியாயமான கூலி. மனை வாங்கும் யாரும் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமில்லாத மனையா, பின்பு வரன்முறைப்படுத்தினார்களா என்பதையெல்லாம் தொழில் தெரிந்தவர் பார்ப்பது நல்லது.

தாலுகா வாசலில் நின்று "உள்ளே ஆள் இருக்கிறது" என்பவர் வேறு. அவர் செய்யப்போவதும் நீங்கள் செய்யக்கூடிய அதே விண்ணப்பம்தான். அவர் எண்ணைக் கொடுத்து விண்ணப்பிப்பதால் மனுவின் நிலை உங்களுக்குத் தெரியாது. கொடுத்த மூலப் பத்திரம் அவர் பையில் இருக்கும். கொடுத்த பணத்துக்கு ரசீதும் இருக்காது. வயதானவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் வேறு வழியின்றி இவரிடம் போகிறார்கள் என்பது புரிகிறது. அவர்களுக்கு நான் சொல்வது, நம்பகமான உறவினர் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து இ-சேவையில் போடச் சொல்லுங்கள், மூலப் பத்திரத்தை யாரிடமும் விடாதீர்கள், நகலில் கையெழுத்திட்டு எந்தத் தேவைக்கு என்றும் எழுதிக் கொடுங்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவதற்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். பட்டாவும் பத்திரமும் ஒரே பெயரில், ஒரே அளவில் இருந்தால் வேலை சுலபம். ஆகவே வீட்டு வேலை தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதே பட்டாவை ஒருமுறை பதிவிறக்கிப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரோ பரப்போ பொருந்தவில்லையென்றால், கொத்தனாரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பட்டா மாறுதல் மனுவைப் போட்டுவிடுங்கள்.